நண்டுக் கட்சியும் ஓங்கல் கட்சியும்

நான் கலந்துகொண்ட ஒரே பட்டிமன்றத்தில் இரண்டு அணிக்கும் நானே பேசினேன். கைதட்டியதும் நானே. நடுவர் மட்டும் சித்தப்பா. கடலோரத்து ஜீவன்களில் உசத்தி ஓங்கலா, நண்டா என்பது தலைப்பு. டால்பினை அந்தக் கரையில் ஓங்கல் என்பார்கள். ஒரு கோடை முழுக்க வாதாடியும் தீர்ப்பு வராமல் இழுத்துக்கொண்டே போனது. வாய்க்கால் தகராறு கேஸ்கூட அதைவிடச் சீக்கிரம் முடிந்திருக்கும்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் வீடு இலுப்பூரில். அப்பா உரக்கடை வைத்திருந்தார். கடலுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் அப்பாவின் தம்பிக்கு மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு மீன்பிடி ஊரில், ஐஸ் கம்பெனியில் மெக்கானிக் வேலை. சித்தி பக்கத்து ஊர் சுகாதார நிலையத்தில் நர்ஸ். அவர்களுக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. முழுப்பரீட்சை லீவு விட்ட கையோடு அப்பா என்னை பஸ் ஏற்றி அங்கே கொண்டுபோய் விட்டார்.

அம்மா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. வயிறு நன்றாகப் பெரிதாகி, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரியம்மா துணைக்கு வந்திருந்தாள். வரப்போவது தங்கச்சிதான் என்று நான் முடிவு செய்து, என் பழைய பென்சில் டப்பாவை அதற்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். கிளம்பும்போது அம்மாவின் வயிற்றில் வாயை வைத்து, "சித்தப்பா வீட்டுக்குப் போயிட்டு வாரேன். நான் வந்தப்பறம் வா" என்று சொன்னேன். அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்குப் பிறகு வெகுகாலம் பார்க்கவில்லை.

"பாப்பா பொறந்ததும் அப்பா வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்" என்பதுதான் பேச்சு.

நான் போன நேரம் தடைக்காலம். மீன்கள் குஞ்சு பொரிக்கட்டும் என்று விசைப்படகுகளைக் கடலுக்கு விடமாட்டார்கள். படகெல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு துறையில் கட்டிக் கிடந்தன. ஐஸ் கம்பெனி மிஷின் ஓடவில்லை. அதைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போடுவதுதான் சித்தப்பாவின் வேலை. சித்தி காலை முதல் பஸ்ஸுக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். கம்பெனிக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றை அறை வீட்டில் பகல் முழுக்க நானும் ஒரு டிவிப் பெட்டியும்தான். கரண்ட் போய்விட்டால் நான் மட்டும்.

ஊர்ப் பிள்ளைகள் படகுத் துறையிலிருந்து தண்ணீரில் குதித்துக்கொண்டிருப்பார்கள். முதல் நாளே ஒருத்தி வந்து, "நீச்சத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அப்ப ஒனக்கு என்னதான் தெரியும்?" என்றாள். எனக்கு வாய்ப்பாடு முழுவதும் தலைகீழாகத் தெரியும், ஆனால் அதைக் கடலில் வைத்துக்கொண்டு என்ன செய்வது. தவிர, தண்ணீரில் கால் நனைக்கக் கூடாது என்பது சித்தியின் உத்தரவு. அவர்கள் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. பெரிய வீராப்புக்காரி நான்.

அதனால் கரையில் உட்கார்ந்து நண்டு பார்க்க ஆரம்பித்தேன். அந்தக் கடலில் அலை பெரிதாக இருக்காது. தண்ணீர் வற்றும்போது சேற்று மணல் வெகுதூரம் தெரியும். அதில் எங்கே பார்த்தாலும் விரல் நுழையும் அளவுக்குக் குழிகள். ஆடாமல் அசையாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் குழிக்கு ஒன்றாக நண்டுகள் வெளியே வரும். கொட்டைப்பாக்கு அளவுதான். ஆனால் ஒரு கொடுக்கு மட்டும் உடம்பை விடப் பெரிதாக இருக்கும். அதைத் தூக்கித் தூக்கி, வா வா என்று கூப்பிடும். நிஜமாகவே என்னைத்தான் கூப்பிடுகிறது என்று எழுந்து போவேன். அத்தனையும் ஒரே நேரத்தில் குழிக்குள் போய்விடும். திரும்ப வந்து உட்கார்ந்தால் மறுபடியும் வா வா.

அப்பாவும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தார். சாயங்காலம் கடையிலிருந்து சித்தப்பா போனுக்குக் கூப்பிடுவார். "வாரேம்மா, இந்தா வாரேன்" என்பார். அம்மாவைக் கொடுங்கள் என்றால், "அம்மா தூங்குதும்மா" என்பார். நேரில் வந்ததாகக் காணோம்.

ஒரு நாள் சித்தப்பா விடியுமுன்னே எங்கோ பஸ் ஏறிப் போனார். அன்று சித்தி மதியமே வந்துவிட்டாள். கண் வீங்கியிருந்தது. பாப்பாவுக்கென்று அவள் வாங்கி வைத்திருந்த சின்னச் சட்டைகள், கொசுவலைக் குடை எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் கட்டிப் பரணில் போட்டாள். பாப்பாவுக்குக் கொண்டுபோக வேண்டாமா என்று கேட்டேன். "அப்பறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி, கேட்காமலே எனக்கு முறுக்கு எடுத்துக் கொடுத்தாள். அன்றையிலிருந்து அந்த வீட்டில் பாப்பா என்ற பேச்சே இல்லாமல் போனது. நான் பேச்செடுத்தால் முறுக்கு வரும். முறுக்கு தின்று எனக்கு வாயெல்லாம் புண்.

சித்தி சீக்கிரம் வந்த அந்த நாள் ராத்திரி, சித்தப்பாவும் திரும்பி வந்து சோற்றுக்கு உட்கார்ந்தபோது எனக்குத் தாங்கவில்லை. ஊருக்குப் போகணும் என்று ஆரம்பித்தவள் ஓயவில்லை. சித்தி சமாதானம் சொல்ல வந்து, அவளே அழுதுகொண்டு வெளியே போய்விட்டாள். அப்போதுதான் சித்தப்பா அந்த வேலையைச் செய்தார். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி நடுவில் போட்டு, துண்டைப் பொன்னாடை போலப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். மே ஒண்ணாம் தேதி நாங்கள் இருவரும் டிவியில் பட்டிமன்றம் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருந்தோம்.

"நீதான் நாள் முழுக்கக் கரையில கெடக்கியே தாயி. நண்டு ஒசத்தியா, ஓங்கல் ஒசத்தியா? ரெண்டு கட்சிக்கும் பேசு. நான் தீர்ப்புச் சொன்ன மறுநாளே ஒன்னய ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"சத்தியமா?"

"நடுவர் பொய் சொல்லுவாரா?"

அழுகையை நிறுத்திவிட்டு அங்கேயே நண்டுக் கட்சிக்கு முதல் பேச்சைப் பேசினேன். நடுவர் அவர்களே, நண்டுக்குச் சொந்த வீடு உண்டு, ஓங்கலுக்கு உண்டா? சித்தப்பா நல்ல கேள்வி என்றார். பிறகு எதிர்ப்பக்கம் போய் நின்று, குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, கடலே வீடாக இருப்பவனுக்குக் குழி எதற்கு என்று கேட்டேன். சித்தப்பா அதற்கும் நல்ல கேள்வி என்றார். அன்றே தீர்ப்பு வந்துவிடும் என்று நினைத்தேன். "வாதம் இன்னும் சூடு புடிக்கலையே" என்று சபையைக் கலைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் சபை கூடியது. பகலெல்லாம் நான் ஆதாரம் தேடுவேன். நண்டு தண்ணீரிலும் இருக்கும், கரையிலும் இருக்கும். ஓங்கல் மூச்சு விடுவதற்குக்கூட மேலே வந்தாக வேண்டும். நண்டு யார் தயவிலும் இல்லை. ஓங்கலோ தனியாக ஒரு இடத்துக்குப் போகாது. காலை நேரத்தில் துறைக்குப் பக்கத்திலேயே சில வரும். புஸ்ஸென்று ஒரு சத்தம், ஒரு சாம்பல் முதுகு, அதன் பக்கத்திலேயே இன்னொரு முதுகு. நான் நடுநிலையாகத்தான் பேசினேன், ஆனால் மனசு ஓங்கல் பக்கம்தான். ஒரு குழிக்கு ஒரு நண்டு என்ற ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கம்பெனி வீட்டில் நானும் அப்படித்தானே கிடந்தேன்.

எவ்வளவு பேசினாலும் சித்தப்பா தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு நாள் நடுவருக்குத் தலைவலி. ஒரு நாள் நண்டுக் கட்சிக்குக் கால அவகாசம். இன்னொரு நாள், "ரெண்டு பக்கமும் சமமா இருக்கு தாயி, இன்னும் ஒரே ஒரு பாயிண்டு வேணும்." பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள். குதிக்க ஆளில்லாமல் துறை வெறிச்சென்று கிடந்தது. என் வகுப்பில் என் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்து நினைத்து, மணலில் தலையைச் சாய்த்துப் படுத்திருந்தேன். எல்லோரும் சேர்ந்து என்னை மறந்துவிட்டார்கள் என்றே நம்பினேன். எல்லாம் அந்த ஒரு பாயிண்டில் நிற்கிறது என்று வேறு எரிச்சல்.

நண்டைப் பற்றி ஒரு நல்ல பாயிண்டு அடுத்த வீட்டில் கிடைத்தது. அங்கே ஒரு நாட்டுப்படகுக்காரர் குடும்பம். சின்னப் படகுகளுக்குத் தடை கிடையாது. அவர் மனைவி வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தபோது ஒன்றைத் திருப்பிக் காட்டினாள். வயிற்றுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் அப்பிக்கொண்டு அத்தனை முட்டைகள்.

"இதைத் தண்ணியில ஒதறி விட்டுட்டு அது பாட்டுக்குப் போயிரும் பாப்பா. எது பொழைச்சுச்சு, எது போச்சுன்னு அதுக்குத் தெரியவா போகுது?" என்று சொல்லி, அதை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தாள். சினை நண்டைக் கடலிலேயே திருப்பி விட்டுவிடுவார்கள்.

இது நண்டுக்கு எதிரான பாயிண்டு என்று பத்திரமாக வைத்துக்கொண்டேன். ஓங்கலுக்குச் சாதகமான பாயிண்டை அவள் புருஷன் கொண்டுவந்தார். ஒரு காலை கடலிலிருந்து திரும்பியவர் படகைக் கட்டிவிட்டு, மனைவியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"தாய் ஓங்கல் ஒண்ணு, செத்த குட்டியச் சொமந்துக்கிட்டே திரியுது பாப்பா. ரெண்டு மூணு நாளா இங்கிட்டுத்தான் சுத்துது. நாங்க மிஷின அமத்திட்டு, தொடுப்புப் போட்டு அங்கிட்டுச் சுத்தி வந்தோம்."

என்னைத் துறையின் கடைசி வரை கூட்டிக்கொண்டு போய்க் கையை நீட்டிக் காட்டினார். முதலில் ஏதோ மரக்கட்டை மிதக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் அதற்குக் கீழே ஒரு முதுகு எழும்பியது. ஓங்கல் மூக்கால் அதை மேலே தள்ளும். அது சரிந்து முங்கும். இதுவும் முங்கும். மறுபடி இரண்டும் மேலே வரும். கொஞ்சம் தள்ளி இன்னும் இரண்டு ஓங்கல்கள், கிட்டே வராமலும் விட்டுப் போகாமலும் நின்றன. படகுக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை ஒன்றும் வரவில்லை. பாயிண்டு கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்தான். இனி எந்த நடுவராலும் தீர்ப்பைத் தள்ளிப்போட முடியாது.

சாயங்காலம் வரை பொறுக்க முடியவில்லை. மதியம் சித்தப்பா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். தலைமாட்டில் போன். எங்கள் வீட்டு நம்பர் எனக்குத் தெரியும். அப்பா கடையில் இருக்கும் நேரம் அது. அம்மாவுக்குத் தூக்கம் கலைந்தால் கலையட்டும் என்று அழுத்திவிட்டேன். வெகுநேரம் மணி அடித்து, யாரோ எடுத்தார்கள்.

"அம்மா இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"நாந்தாண்டி அம்மா."

குரல் அடையாளமே தெரியவில்லை. நான் அதைப் பற்றிக் கவலைப்படாமல், எப்போது கூட்டிக்கொண்டு போவாய் என்றுகூடக் கேட்காமல், மூச்சு விடாமல் பேச ஆரம்பித்தேன். பட்டிமன்றம், நண்டுக் கட்சி, ஓங்கல் கட்சி, தீர்ப்பு வந்தால் ஊருக்கு வருவது எல்லாம் சொன்னேன். "நண்டு முட்டைய ஒதறிட்டுப் போயிரும்மா. அதுக்குப் பாசமே இல்ல. ஓங்கல் குட்டி செத்துப்போச்சு, ஆனாலும் அது விடவே இல்ல, தூக்கிக்கிட்டே திரியுது. நானே பாத்தேன். ஓங்கல்தானம்மா ஒசத்தி?"

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. எங்கள் தெருவில் பஸ் ஹாரன் அடிப்பது கேட்டது. நான் ஹலோ ஹலோ என்றேன்.

"இன்னும் வச்சிருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"வச்சிருக்கு."

"யாரும் புடுங்கிக்கிட்டுப் போகலல்ல?"

என்ன கேள்வி இது என்று இருந்தது. "கடல்ல யாரும்மா புடுங்குவா? கூட ரெண்டு ஓங்கல் இருக்கு. அது பாட்டுக்கு நிக்கிது" என்றேன்.

அதற்குள் சித்தப்பா எழுந்துவிட்டார். நான் பேசியதில் எவ்வளவு கேட்டாரோ, முகம் வெளுத்துப்போய்ப் போனை வாங்கி, "அண்ணி, அண்ணி" என்றார். பிறகு காதில் வைத்துக்கொண்டே நின்றார். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. அன்று சாயங்காலம் சபை கூடவும் இல்லை.

மறுநாள் அம்மா வந்துவிட்டாள். அப்பாவோடு பஸ்ஸில்தான். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். வயிறு இல்லை. அம்மா பாதியாகியிருந்தாள். பாப்பா எங்கே என்று பின்னால் எட்டிப் பார்த்தேன். அப்பா கையில் ஒரு ஒயர் கூடைதான் இருந்தது. "பாப்பா எங்கப்பா?" என்றேன். "அம்மாவத் தொந்தரவு பண்ணாதம்மா" என்றார். சித்தி முறுக்கு எடுக்க உள்ளே போனாள். வேண்டாம் என்று கத்திவிட்டேன்.

விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அதனால் என்னைச் சித்தப்பா வீட்டில் விட்டதுபோலப் பாப்பாவையும் யார் வீட்டிலோ விட்டிருக்கிறார்கள். யார் வீடு என்றுதான் தெரியவில்லை. அங்கே அதற்கு முறுக்கு தின்னப் பல் இருக்காதே என்று பாவமாக இருந்தது.

அம்மா உட்காரக்கூட இல்லை. "எங்கடி அது?" என்றாள். எல்லோருமாகத் துறைக்குப் போனோம். கடல் வெறுமையாக இருந்தது. படகுக்காரர் வலை காயப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா அவரிடமே போய்க் கேட்டாள்.

"குட்டிய விட்டிருச்சுங்களா?"

"விட்டிருச்சு தாயி. காலையில குட்டியில்லாம வந்துச்சு."

"அதுவா விட்டுச்சா? தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிருச்சா?"

அவர் அம்மாவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். "அதுவாத்தான் விட்டிருக்கும். அதுக்குப் போதும்னு இருந்தப்ப விட்டிருக்கும். ரெண்டு பக்கமும் ரெண்டு ஓங்கல் கூட வந்துச்சுங்க" என்றார்.

அம்மா மணலில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா கொஞ்சம் தள்ளிப் போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கோ வேறு கவலை. நேரம் போகிறது, கடைசி பஸ்ஸுக்குள் தீர்ப்பு வந்தாக வேண்டும். "சித்தப்பா, தீர்ப்பு" என்று அவர் சட்டையை இழுத்தேன். "இன்னைக்கு அம்மாதான் நடுவர்" என்று அவர் ஒதுங்கிக்கொண்டார்.

நான் அம்மாவின் முன்னால் நின்று இரண்டு கட்சிக்கும் நிறைவுரை நிகழ்த்தினேன். ஒன்றையும் விடவில்லை. சொந்தக் குழி, ஒற்றைக் கொடுக்கு, புஸ்ஸென்ற மூச்சு, உதறிவிட்ட முட்டை, சுமந்த குட்டி. சேற்று மணலில் நண்டுகள் வெளியே வந்து கொடுக்கைத் தூக்கிக்கொண்டிருந்தன. அம்மா கடைசி வரைக்கும் கேட்டாள்.

"நண்டுக்கு எது போச்சுன்னு தெரியாது. தெரியாம இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

நண்டுக் கட்சி ஜெயித்துவிடுமோ என்று பயந்தேன்.

"ஆனா ஓங்கல்தாண்டி குடுத்துவச்சது. போதும்னு தோணுற வரைக்கும் அது கையிலயே இருந்துச்சுல்ல" என்றாள்.

"ஓங்கலுக்குக் கை கெடையாதும்மா" என்று நான் திருத்தினேன்.

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். நான் அவள் மடியில் கிடந்தபடியே ஓங்கல் கட்சிக்காகக் கைதட்டினேன். நண்டுக் கட்சி தோல்வியைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டது.

பெரியம்மா இதை எனக்குச் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் பிறக்கும்போதே குழந்தைக்கு உயிர் இல்லை. பெண் குழந்தை. பெற்றவள் பார்த்தால் தாங்கமாட்டாள் என்று எங்கள் பக்கத்தில் காட்ட மாட்டார்கள். அம்மா கேட்டுக் கேட்டு அலறியிருக்கிறாள். அப்பாவும் சித்தப்பாவும்தான் துண்டில் சுற்றி, அவள் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாகக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். நல்லதற்கென்றுதான் செய்தார்கள். அதற்குப் பிறகு அம்மா யாரோடும் பேசவில்லையாம். நான் போன் செய்த அன்றுதான் வாய் திறந்தாளாம். சித்தப்பா ஏன் தீர்ப்பைத் தள்ளித் தள்ளிப் போட்டார் என்பது அது தெரிந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அன்று இதெல்லாம் எங்கே தெரிந்தது. தீர்ப்பு வந்துவிட்டது, ஊருக்குப் போகிறேன், அவ்வளவுதான். சித்தப்பா பஸ்ஸுக்குள் ஏறி வந்து, என் தலையைத் தடவிவிட்டு இறங்கிப் போனார். மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் அம்மா, நடுவில் நான், இந்தப் பக்கம் அப்பா. போகிற வழியில் எந்த ஊரிலாவது இறங்கிப் பாப்பாவையும் கூட்டிக்கொண்டுதான் போவோம் என்று நான் உறுதியாக இருந்தேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அப்பா எழுந்திருக்கிறாரா என்று பார்த்தேன். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் வண்டி வெகுநேரம் நின்றது. அங்கேதான் இருக்கும் என்று தோன்றியது. அம்மா சிரமப்படாமல் வாங்கி வைத்துக்கொள்ளட்டும் என்று, நான் அப்பா பக்கம் நன்றாக ஒட்டி உட்கார்ந்து, எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டேன்.